கதவு, அலமாரி, கைப்பிடி: வீட்டைப் புதுப்பிக்குமுன் ஒரு வார்த்தை

போன வருஷம் மார்கழி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாசலில் கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்து பெரியவளுக்குத் தலை பின்னிக் கொண்டிருந்தேன். குளியலறைப் பக்கமிருந்து 'தொப்'பென்று ஒரு சத்தம்.

"அத்தை! அத்தை!" என்று ஓடினேன்.

"வழுக்கிட்டேம்மா..." என்று உள்ளேயிருந்து முனகல் மட்டும் வந்தது.

உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அத்தைக்கு 72 வயது. விழுந்த இடத்திலிருந்து எழுந்து தாழ்ப்பாளை எட்ட முடியவில்லை. அது மட்டுமா? அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அத்தை அதன் மேலேயே சாய்ந்து கிடக்கிறார். பலமாக இடித்துத் திறக்கலாமென்றால் அடி அவர் மேல்தான் விழும். கீலைக் கழற்றலாமென்றால் கீல்கள் உள்பக்கத்தில் இருக்கின்றன. கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பி உளியும் சுத்தியலும் கொண்டு வந்து, கதவின் மேல் பலகையைப் பிளந்து, கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை நீக்கி, அத்தையை மெல்ல நகரச் சொல்லி... எல்லாம் முடிய 25 நிமிஷம் ஆயிற்று. ஈரத் தரையில் அத்தனை நேரம் அத்தை நடுங்கிக் கொண்டு கிடந்தார்.

கடவுள் புண்ணியம், இடுப்பு தப்பியது. மணிக்கட்டில் எலும்பு கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று ராத்திரி இவர் சொன்னார்: "முதல்ல அந்தக் கதவை மாத்திப்புடணும்." ஒரு கதவில் ஆரம்பித்த பேச்சு, வாசல் கதவு, சமையலறை அலமாரி, பூட்டு, கைப்பிடி என்று வீடு முழுக்கப் பரவியது. மாசியில் தச்சரை வரவழைத்தோம். வேலை முடிந்தபோது சித்திரை கடைசி. இதில் நாங்கள் செய்த நல்லதும் உண்டு, அசட்டுத்தனமும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன். வீட்டைப் புதுப்பிக்க நினைக்கிற சகோதரிகளுக்குப் பயன்படட்டும்.

முதலில் ஒரு சுற்று

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பக்கம். எந்தப் பக்கமாகத் திறக்கிறது? அகலம் எவ்வளவு? தரையில் உரசுகிறதா? தாழ்ப்பாள் துவாரத்தில் சரியாக விழுகிறதா? நிலையின் அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. 'டொக் டொக்'கென்று பொள்ளலாகக் கேட்டாலோ, சுவரோரம் மண் கோடு ஏறியிருந்தாலோ கரையான் குடியிருக்கிறது என்று அர்த்தம். கரையான் தின்ற நிலையில் புதுக்கதவை மாட்டுவது, ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்கின கதைதான். முதலில் கரையானுக்கு வழி பாருங்கள்.

இப்படி எழுதிப் பார்த்ததில் எங்கள் வீட்டில் 9 கதவுகளில் 2 கதவுகளைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மற்ற ஏழும் சின்னச் சின்ன வைத்தியத்தில் சரியாகிவிட்டன. மொத்தக் கதவையும் மாற்றிவிடலாம் என்று சொன்ன ஒரு கடைக்காரரை நம்பியிருந்தால் எவ்வளவு பணம் போயிருக்கும்!

உரசுகிற கதவுக்கு வைத்தியம்

எங்கள் ஊர் நாகப்பட்டினம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக் கதவுகள் ஈரத்தைக் குடித்து ஊதிப் போகும். அப்போது கதவு மூடாது. உடனே ஆளைக் கூப்பிட்டு இழைப்புளி போட்டு இழைத்துவிடுவோம். இரண்டு வருஷம் முன்னால் நானும் அப்படித்தான் செய்தேன். பங்குனி வெயிலில் மரம் சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுண்டுவிரல் போகிற சந்து.

தச்சர் அதைப் பார்த்துச் சிரித்தார். "மழையில ஊதின கதவை மழையிலேயே இழைக்கலாமாம்மா? காயட்டும், அப்புறம் பார்த்து இழைக்கணும். அதுவும் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பாருங்க, ஒரு சொட்டு பெயின்ட் கிடையாது. தண்ணி அங்கேதானே ஏறுது!"

உண்மைதான். முன்னும் பின்னும் பளபளவென்று வண்ணம் அடிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விட்டுவிடுகிறோம். இந்த இரண்டையும் அடைத்துவிட்டாலே கதவு ஊதுவது பாதியாகக் குறையும்.

கதவு ஒரு பக்கமாகத் தொங்குகிறதா? அநேகமாக மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்திருக்கும். திருகாணியைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் மரப்பசை தடவிய குச்சியை இறுக்கமாகச் செருகி, காய்ந்ததும் வெட்டிச் சமப்படுத்தி, மறுபடி திருகாணியை முடுக்கினால் கதவு நிமிர்ந்துவிடும். கனமான கதவுக்கு இரண்டு கீல் போதாது. மூன்று வேண்டும். தேக்குக் கதவானால் நான்கு.

குளியலறைக் கதவு: நான்கு விஷயம்

ஒன்று, இடம் இருந்தால் வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டுங்கள். உள்ளே யாராவது விழுந்தாலும் கதவைத் திறந்து தூக்கிவிடலாம். வெளியே நடைபாதை குறுகலாக இருந்தால் தள்ளு கதவு போடலாம்.

இரண்டு, பழைய நீட்டுத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டைப் போடுங்கள். உள்ளே திருகினால் பூட்டும்; வெளிப்பக்கம் ஒரு சின்னக் கீறல் இருக்கும். அதில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்து கொள்ளும். வயதானவர்களுக்கு மட்டுமில்லை. இரண்டு வயசுப் பிள்ளை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக் கொண்டு, திறக்கத் தெரியாமல் அழுவது எத்தனை வீட்டில் நடக்கிறது!

மூன்று, அகலம். பெரும்பாலான வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டரை அடி, அதாவது 75 சென்டிமீட்டர். நிலையும் கீலும் போக நடுவில் கிடைப்பது இன்னும் குறைவு. நாளைக்கு வீட்டில் யாருக்காவது சக்கர நாற்காலி தேவைப்பட்டால் விரல் இடிக்கும். சுவரை இடிக்கிற வேலை எப்படியும் இருக்கிறதென்றால், அதோடு கதவையும் 3 அடி ஆக்கிவிடுங்கள். அத்தைக்குக் கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் நான் பக்கத்தில் தாங்கிப் பிடித்துக் கொண்டு நுழைய முடியாமல் பட்ட பாட்டில் இது எனக்குப் புரிந்தது.

நான்கு, என்ன கதவு? தினம் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் சாதாரண ஃப்ளஷ் கதவு அடியில் உரிந்து, இலை இலையாகப் பிரிந்து போகும். பி.வி.சி., ஃபைபர் கதவுகள் ஊறுவதில்லை. மரமே வேண்டுமென்றால் உள்பக்கம் அடியில் ஓரடி உயரத்துக்கு அலுமினியத் தகடு அடியுங்கள். எதுவானாலும் கதவின் அடியில் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள். காற்று நடமாடினால்தான் ஈரம் காயும், பூஞ்சை பிடிக்காது.

தூசியில் ஒளிந்திருந்த ஆபத்து

இனி எங்கள் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் வீடு 1958-ல் என் மாமனாரின் அப்பா கட்டியது. கூடத்துக் கதவுகளில் பச்சை மேல் மஞ்சள், மஞ்சள் மேல் நீலம் என்று அடுக்கடுக்காக எனாமல் பெயின்ட். "சுரண்டி எடுத்துட்டுப் புதுசா வார்னிஷ் அடிச்சா தேக்கு தேக்காவே தெரியும்" என்றார் தச்சர். ஆசையாக இருந்தது. கூடத்திலேயே கதவைச் சாய்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள். தரையெல்லாம் கலர் கலராகத் தூசி. என் சின்னவனுக்கு அப்போது ஒன்றரை வயசு. தூசியில் தவழ்ந்து கையால் கோலம் போட்டுக் கொண்டிருந்தான். நான் அதைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தேன்!

அத்தையைப் பார்க்க என் நாத்தனார் அன்றைக்கு வந்திருந்தாள். தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறாள். வாசல்படி ஏறும்போதே கத்தினாள்: "அண்ணி, முதல்ல குழந்தையைத் தூக்குங்க! அந்தக் கையை வாயில வைக்க விடாதீங்க!"

பழைய எனாமல் பெயின்டுகளில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை வண்ணங்களில், ஈயம் நிறையக் கலந்திருக்கக் கூடும் என்று அப்புறம்தான் விளக்கினாள். பெயின்ட் கெட்டியாகக் கதவில் ஒட்டிக் கொண்டிருக்கும்வரை பெரிய தொல்லையில்லை. சுரண்டும்போது தூசியாகிறது. தூசி தரையில் படிகிறது. தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குள் போகிறது. பெரியவர்கள் உடம்பு ஏற்றுக் கொள்வதைவிட நான்கு ஐந்து மடங்கு ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் உடம்பு உறிஞ்சிக் கொள்ளுமாம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கற்கும் திறனைக் குறைக்கும், ரத்த சோகை உண்டாக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிப் பெண்களுக்கும் ஆகாது; வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. மறுநாளே இரண்டு குழந்தைகளையும் டாக்டரிடம் தூக்கிக் கொண்டு ஓடினோம். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்த நாலு நாள் முடிவு வருவதற்குள் நான் பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும். "மருந்து தேவைப்படற அளவு இல்லைம்மா. வீட்டைத் துடைச்சுச் சுத்தமா வைங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார் டாக்டர். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக உள்ள பிள்ளைகளின் உடம்பு ஈயத்தை அதிகமாக ஏற்கும் என்பதால் கீரை, கேழ்வரகு, பால் எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் அளவு இன்னும் குறைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆகவே பழைய கதவைப் புதுப்பிக்கிறவர்கள் இதையெல்லாம் கவனியுங்கள்.

பெயின்ட் உரியாமல் நன்றாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். துடைத்துவிட்டு மேலேயே புது வண்ணம் அடித்துவிடலாம்.

சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் கதவைக் கழற்றி வீட்டுக்கு வெளியே எடுத்துப் போகச் சொல்லுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும். அடியில் பாலிதீன் விரிப்பைப் போட்டு, விழுந்ததை அப்படியே சுருட்டி எடுக்க வேண்டும். வேலை செய்கிறவர்களும் முகத்துக்கு நல்ல மாஸ்க் போட்டுக் கொள்ளட்டும். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையைக் கழுவாமல் டீ குடிக்க விடாதீர்கள்.

வேலை முடிகிறவரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள்.

நெருப்பு காட்டிப் பெயின்டை உருக்கி எடுக்கிற முறை வேண்டவே வேண்டாம். புகையோடு ஈயமும் மூச்சில் போகும். பெயின்ட் அடித்த பழைய பலகைத் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் வைத்து எரிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதையும் விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கும் வீட்டு உபயோகப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016-ல் விதி போட்டார்கள். 2017 நவம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது. டப்பாவின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். படித்துப் பார்த்து வாங்குங்கள். பரணில் கிடக்கும் பழைய டப்பாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று எடுக்காதீர்கள்.

வாசல் கதவும் அத்தையும்

வாசலில் இரட்டைக் கதவு. கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமியில் நின்று சுழல்வது. நிலையில் பூவேலை. இதைப் பார்த்த ஒரு வியாபாரி நல்ல விலைக்குக் கேட்டார். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுக் கதவு, தூண் இவற்றையெல்லாம் வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்களே, அப்படி ஒருவர். "கொடுத்துட்டா மத்த வேலைக்கு ஆச்சு" என்று இவர் கணக்குப் போட்டார்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையோடு போய், கதவுப் பக்கத்தில் நின்று கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கஜா புயல் அன்னிக்கு ராத்திரி பூரா இந்தக் கதவுதாண்டா நம்மைக் காப்பாத்துச்சு."

2018 நவம்பரில் அந்தப் புயல் அடித்தபோது, கொல்லைப்புறத்தில் புதிதாகப் போட்டிருந்த கதவு தண்ணீரில் ஊறி உரிந்து போனது. வாசல் கதவு அசையவில்லை. இவர் அதற்கப்புறம் விற்கிற பேச்சே எடுக்கவில்லை.

தேய்ந்து போன அடிக்குடுமிக்கு மட்டும் தச்சர் இரும்புப் பூண் போட்டார். கதவு பூனை நடை மாதிரி சத்தமில்லாமல் திறக்கிறது. உள்பக்கம் ஒரு சங்கிலியும், ஆள் முகம் பார்க்க ஒரு கண்ணாடித் துவாரமும் வைத்தோம். துவாரத்தை என் உயரத்துக்கு ஒன்று, அத்தை உயரத்துக்கு ஒன்று என்று இரண்டாக வைக்கச் சொன்னேன். பகலில் தனியாக இருக்கிறவர்கள் நாங்கள்தானே!

ஒரு எச்சரிக்கை. ராத்திரி உள்பக்கம் பூட்டுப் போட்டுச் சாவியை எங்கோ ஒளித்து வைக்காதீர்கள். தீ விபத்து என்று ஏதாவது நேர்ந்தால் இருட்டில் சாவியைத் தேட முடியாது. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் இருப்பதே நல்லது.

அரிசிப் பெட்டி அறைக்குத் திண்டுக்கல் பூட்டுத்தான். மாங்காய்ப் பூட்டு என்பார்களே, அது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர்ச் சரக்கு. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி சேர்ந்து பிசுக்காகிவிடும். பென்சில் கரியைப் பொடி செய்து சாவியில் தடவி இரண்டு முறை திருப்புங்கள். கீலுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

சமையலறை அலமாரி

"மாடுலர் கிச்சன் போடணும்" என்பது இப்போது எல்லாருடைய ஆசை. தப்பில்லை. ஆனால் உங்கள் வீட்டில் செங்கல் சுவரும் கடப்பைக் கல் தட்டுகளும் கெட்டியாக இருக்கிறதென்றால் அதை இடிக்க வேண்டாம். கரையானும் தின்னாது, தண்ணீரும் ஏறாது. முன்பக்கம் சட்டம் அடித்துப் புதுக் கதவு மட்டும் போட்டாலே புதுச் சமையலறை ஆகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவோமா? பலகை வாங்கும்போது மட்டும் ஏன் மேல் மினுக்கைப் பார்த்து மயங்க வேண்டும்? பிளைவுட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதோடு ஓர் எண்ணும் இருக்கும். 303 என்றால் பொது உபயோகப் பலகை. இதில் 'எம்.ஆர்.' என்று போட்டிருப்பது லேசான ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. படுக்கையறைக்குச் சரி. 710 என்றால் மரைன் பலகை. 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டுச் சோதிக்கிற தரம். பாத்திரம் தேய்க்கும் தொட்டிப் பக்கத்துக்கு இதுதான் ஏற்றது. மரத்தூளை அழுத்திச் செய்யும் மலிவுப் பலகையைத் தொட்டிக்கு அடியில் போட்டால், ஒரு மழைக்காலத்தில் ரொட்டி மாதிரி ஊறிவிடும்.

புது அலமாரியில் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வருமே, அது பலகையின் பசையிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடு வாயு. புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியது. பயந்து போக வேண்டாம். ஈ0 அல்லது ஈ1 என்று குறித்த பலகையாகக் கேளுங்கள். அதில் இந்த வாயு குறைவு. வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும் பட்டை ஒட்டி அடைக்கச் சொல்லுங்கள். நெடியும் குறையும், ஈரமும் ஏறாது. வேலை முடிந்ததும் இரண்டு மூன்று வாரம் அலமாரியையும் ஜன்னலையும் திறந்தே வையுங்கள். கைக்குழந்தை படுக்கிற அறையில் புது அலமாரி போட்டால் நெடி அடங்குகிறவரை குழந்தையை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

மேடையின் உயரம் உங்கள் உயரத்துக்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால் காய் நறுக்கும்போது முதுகு வலிக்காது. கீழ்த்தட்டுகளில் கதவைவிட இழுப்பறை வசதி. குனிந்து தலையை உள்ளே விட்டுத் தேட வேண்டியதில்லை; இழுத்தால் எல்லாம் மேலே தெரியும். தோளுக்கு மேல் உள்ள தட்டில் கனமான சாமானை வைக்காதீர்கள்.

கேஸ் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் அடைத்து வைப்பது இப்போது அழகாகத் தெரிகிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோரம் தேங்கும். எனவே அந்தக் கதவில் தரை மட்டத்திலேயே காற்றுத் துவாரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். முடிந்தால் அந்த இடத்துக்குக் கதவே போடாதீர்கள். தொட்டிக்கு அடியிலும் அப்படித்தான். திறந்து கிடந்தால் ஈரம் காயும். கரப்பான் பூச்சிக்கு இருட்டு கிடைக்காது.

கைப்பிடியில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது! கடையில் கண்ணைப் பறித்த ஒரு கைப்பிடியை வாங்கி மாட்டினேன். இரண்டு முனையும் கொம்பு மாதிரி நீட்டிக் கொண்டிருக்கும். மூன்றாவது நாள் கொதிக்கிற ரசத்தோடு திரும்பினேன், முந்தானை கைப்பிடியில் மாட்டி இழுத்தது. ரசம் தரையில் போயிற்று. என் காலில் படாதது அதிர்ஷ்டம். புடவை, துப்பட்டா, வளையல் இவற்றோடு வேலை செய்கிறவர்கள் நாம். முனைகள் பலகையோடு வளைந்து முடிகிற கைப்பிடியைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய கைப்பிடியை மாற்றும்போது இரண்டு திருகாணித் துவாரங்களுக்கு நடுவேயுள்ள தூரத்தை அளந்து கொண்டு போங்கள். பொதுவாக 96, 128, 160 மில்லிமீட்டர் என்று வரும். அதே அளவில் வாங்கினால் புதுத் துளை போட வேண்டாம், பழைய துளையை அடைக்கவும் வேண்டாம்.

கதவுக்கு உருண்டைக் குமிழைவிட நீட்டுக் கைப்பிடி நல்லது. கை வீக்கம், மூட்டு வலி உள்ளவர்களுக்குக் குமிழைத் திருகுவது பெரும்பாடு. நீட்டுக் கைப்பிடியை முழங்கையாலேயே அழுத்தித் திறக்கலாம். அத்தை ஒற்றைக் கையோடு இருந்த நாட்களில் இதன் அருமை தெரிந்தது.

எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்புக் கீல் இரண்டே வருஷத்தில் துரு ஏறிவிடும். பித்தளை அல்லது 304 என்று குறித்த எவர்சில்வர் கீல்தான் தாக்குப் பிடிக்கும். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டலை பாருங்க, அசல் சரக்கு" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகள் இருக்கிற வீட்டில்

காற்றில் அறைந்து மூடுகிற கதவில் பிஞ்சு விரல்கள் நசுங்குவது சகஜம். கைப்பிடிப் பக்கம் மட்டுமல்ல, கீல் பக்கத்துச் சந்திலும் விரலை விடும். ஒவ்வொரு கதவுக்கும் தரையிலோ சுவரிலோ ஒரு தடுப்பான் வையுங்கள். பழைய காலத்துக் கொக்கி போதும். உள்ளங்கை அகல ரப்பர்த் துண்டைக் கதவு விளிம்பில் மாட்டினாலும் முழுதாக மூடாது.

ஃபினாயில், ஆசிட், கரப்பான் மருந்து எதுவும் தொட்டிக்கு அடியில் வேண்டாம். மேல் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். உயரமான அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இழுப்பறைகளைத் திறந்து ஏணிப்படி மாதிரி ஏறும். அலமாரி அப்படியே முன்னால் சாயும்.

எது முதலில்?

கையில் பணம் கொஞ்சமாக இருந்தால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் குளியலறைப் பூட்டு. அது ஒரு மணி நேர வேலை. இரண்டாவது, பிள்ளைகளுக்கு ஆபத்தான அலமாரிகள். மூன்றாவது, தொங்குகிற கதவுகள், கீல்கள். நான்காவது, தண்ணீர் படுகிற சமையலறைப் பலகைகள். அழகுக்காகச் செய்வதெல்லாம் கடைசியில். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். வாசலுக்கு வருகிறவர்கள் பார்ப்பதை முதலில் மாற்றுகிறோம். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் படுகிற கஷ்டம் அப்படியே இருக்கிறது.

வேலை முடிந்த அன்று புதுக் குளியலறைக் கதவுக்கு முதல் போணி அத்தைதான். உள்ளே போய்ப் பூட்டிக் கொண்டார். நான் வெளியே நின்று, ஒரு ரூபாய் நாணயத்தைக் கீறலில் வைத்துத் திருப்பித் திறந்து பார்த்தேன்.

"என்னடி இது, பூட்டினா திறக்குறே!" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.

"சும்மா பார்த்தேன் அத்தை."

அந்த நாணயத்தைக் கதவுக்குப் பக்கத்தில் சுவர் மாடத்திலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன், அதை யாரும் எடுக்கக் கூடாது என்று. நீங்களும் இன்றைக்கே உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவை ஒரு தடவை பாருங்களேன். வெளியிலிருந்து திறக்க முடியுமா?